ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை: முதல் முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

அமெரிக்காவில் முதுகலை படிக்க வேண்டும், கையில் காசில்லை, கடன் வாங்கவும் பயம். இப்படிச் சொல்லிக்கொண்டு வருகிற தம்பி தங்கைகளிடம் நான் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறாய்?" என்றுதான். மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் விழிப்பார்கள். ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு மதிப்பெண் வெறும் வாசற்கதவு. உள்ளே போனபின் யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதில்லை.

நான் முதல் முறை விண்ணப்பித்து நேர்காணலுக்கே கூப்பிடப்படாமல், இரண்டாவது முறை தேர்வானவன். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் சிலருடைய விண்ணப்பங்களைப் படித்துத் திருத்தச் சொல்லிவருகிறேன். எல்லோரும் ஏறக்குறைய அதே நான்கைந்து இடங்களில்தான் வழுக்குகிறார்கள். அந்த இடங்களில் நின்று நிதானமாகச் சொல்கிறேன். மற்றவற்றை வேகமாகக் கடந்துவிடலாம்.

இது என்ன உதவித்தொகை?

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், அமெரிக்க செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டத்தின்படி 1946-ல் தொடங்கிய திட்டம் இது. போரில் மிஞ்சிய தளவாடங்களை வெளிநாடுகளில் விற்றுவந்த பணத்தை மாணவர் பரிமாற்றத்துக்குச் செலவிடுவதுதான் அப்போதைய யோசனை. இந்தியா 1950 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டது. 2008-ல் போட்ட புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு இரு அரசுகளும் சமமாகப் பணம் போடுகின்றன. பெயரில் நேரு சேர்ந்ததும் அப்போதுதான். இங்கே இதை நடத்துவது அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை. எல்லோரும் யுஎஸ்ஐஇஎஃப் என்பார்கள். தலைமையகம் டெல்லி, சென்னையிலும் அலுவலகம் உண்டு.

முதுகலை உதவித்தொகையில் கல்விக் கட்டணம், தங்கிச் சாப்பிடுவதற்கான தொகை, போக வர விமானச் சீட்டு, மருத்துவக் காப்பீடு எல்லாம் வந்துவிடும். மனைவி, கணவர், குழந்தைகளைக் கூட்டிப்போனால் அந்தச் செலவு உங்களுடையது. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. "ஃபுல்பிரைட் வாங்கித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று எந்தக் கன்சல்டன்சி சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

எந்தக் கதவைத் தட்டுவது?

ஃபுல்பிரைட் என்பது ஒரே உதவித்தொகை இல்லை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

பட்டம் வாங்கப் போகிறவர்களுக்கு முதுகலை உதவித்தொகை. இந்தியாவில் ஏற்கெனவே பிஎச்.டி. பதிவு செய்து ஆய்வில் இருப்பவர்களுக்கு, ஆறு முதல் ஒன்பது மாதம் அங்கே போய் ஆய்வு செய்து திரும்பும் ஆய்வு உதவித்தொகை. ஆங்கில ஆசிரியர்களுக்கும் ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் எஃப்எல்டிஏ என்ற ஒன்று இருக்கிறது. இதில் ஒரு கல்வியாண்டு, அதாவது ஒன்பது மாதம், அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உங்கள் தாய்மொழியைச் சொல்லிக்கொடுப்பீர்கள். கூடவே அங்கே சில பாடங்களையும் படிக்க வேண்டும். பட்டம் கிடைக்காது. வயது 21 முதல் 29 வரை. தமிழ் பேசுகிற ஆங்கில ஆசிரியர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். எந்தெந்த மொழிகளுக்கு ஆள் கேட்கிறார்கள் என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சுற்றில் ஏதாவது ஒரு பிரிவுக்கு மட்டுமே விண்ணப்பிக்கலாம். இனி நான் சொல்வது முதுகலைப் பிரிவைப் பற்றி. கட்டுரை, பரிந்துரைக் கடிதம் பற்றிய பேச்சு மற்றவர்களுக்கும் உதவும்.

தகுதி

இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். பட்டப்படிப்பில் குறைந்தது 55 சதவீதம். பி.இ., பி.டெக்., பி.ஆர்க். போல நான்கு ஆண்டோ அதற்கு மேலோ படித்திருந்தால் அது போதும். பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். என்று மூன்று ஆண்டுப் பட்டம் மட்டும் இருந்தால் போதாது. அதற்குமேல் ஒரு முதுகலைப் பட்டமோ முழுநேர முதுகலை டிப்ளமோவோ முடித்திருக்க வேண்டும். "ஏற்கெனவே எம்.ஏ. முடித்துவிட்டேனே, திரும்பவும் முதுகலையா?" என்று தயங்காதீர்கள். அது இங்கே குறையாகாது, தகுதிதான். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் இடமில்லை.

அப்புறம், நான் முதலில் கேட்ட வேலை அனுபவம். குறைந்தது மூன்று ஆண்டு வேண்டும். நீங்கள் படிக்கப்போகிற துறையோடு தொடர்புடைய, சம்பளம் வாங்கிய, முழுநேர வேலையாக இருக்க வேண்டும். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று மூன்று ஆண்டு முடிந்திருக்க வேண்டும். இரண்டு வருஷம் பத்து மாதம் என்றால் அடுத்த ஆண்டு பாருங்கள். கல்லூரியில் படித்தபோது செய்த இன்டர்ன்ஷிப், தன்னார்வப் பணி எல்லாம் கட்டுரைக்கு உதவும், இந்தக் கணக்கில் வராது.

துறைகளும் வரம்புக்குட்பட்டவை. பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல், நகர்ப்புறத் திட்டமிடல், பொது நிர்வாகம், பெண்ணியம் சார்ந்த படிப்புகள், உயர்கல்வி நிர்வாகம், அருங்காட்சியகம் மற்றும் பாரம்பரியப் பாதுகாப்பு உள்ளிட்ட கலை மேலாண்மை, பன்னாட்டுச் சட்டம் என்று பட்டியல் பெரும்பாலும் சமூகத்தைத் தொடும் துறைகளாகவே இருந்துவந்திருக்கிறது. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு கூடும், குறையும். போன ஆண்டு அண்ணன் ஒருவர் அனுப்பிய பிடிஎஃப்பை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள். 2025 ஜூனில் இத்திட்டத்தை மேற்பார்வையிடும் வாரியத்தின் உறுப்பினர்களில் பெரும்பாலோர், உதவித்தொகையாளர் தேர்வில் அமெரிக்க அரசு தலையிடுகிறது என்று சொல்லிப் பதவி விலகினார்கள். அப்படிப்பட்ட காலத்தில் இந்த ஆண்டின் அறிவிப்பை நேரடியாக யுஎஸ்ஐஇஎஃப் இணையதளத்தில் படிப்பது இன்னும் அவசியம்.

காலக் கணக்கு

அறிவிப்பு வழக்கமாக ஆண்டின் தொடக்க மாதங்களில் வரும். முதுகலைக்குக் கடைசி நாள் பெரும்பாலும் மே மாதத்தில் இருக்கும். தேர்வாகி விமானம் ஏறுவது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வாக்கில். ஆக, இன்று விண்ணப்பித்தால் படிப்புத் தொடங்க ஒரு வருஷத்துக்கும் மேலாகும். திருமணம், வீட்டுக் கடன், வேலை மாற்றம் எல்லாவற்றையும் இந்தக் கணக்கோடு சேர்த்து யோசியுங்கள். இதற்கு நீங்களாக முன்கூட்டியே பல்கலைக்கழக அட்மிஷன் வாங்கி வைத்திருக்கத் தேவையில்லை. விருப்பத்தைச் சொன்னால், தேர்வானவர்களுக்கு இடம் பிடிக்கும் வேலையில் உதவித்தொகையை நடத்துபவர்களே துணைநிற்பார்கள். விண்ணப்பிக்கும்போதே டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வு, ஜிஆர்இ என்ற முதுகலை நுழைவுத் தேர்வு ஆகியவற்றின் மதிப்பெண் கையில் இல்லையே என்று ஒதுங்கிவிடவும் வேண்டாம். அது எப்போது தேவை என்று அறிவிப்பிலேயே இருக்கும்.

பெயர், இனிஷியல், சான்றிதழ்

நம் ஊர்க்காரர்களுக்கென்றே அமைந்த தொல்லை இது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "செ. முத்துக்குமார்". பட்டச் சான்றிதழில் "முத்துக்குமார் எஸ்". ஆதாரில் "முத்துகுமார் செல்வராஜ்", அதிலும் ஒரு ஒற்று கிடையாது. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. அமெரிக்க விசாவைப் பொறுத்தவரை பாஸ்போர்ட்தான் எல்லாம். அதில் ஒரே பெயர் மட்டும் இருந்தால், அந்தப் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் போட்டு, முதற்பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சடித்துவிடுவார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். அப்புறம் அங்கே வங்கியிலும் பல்கலைக்கழக அட்டையிலும் உங்கள் பெயர் "எஃப்என்யு முத்துக்குமார்". சிலர் சிரித்துக்கொண்டு வாழப் பழகிவிடுகிறார்கள்.

அதனால் முதல் வேலையாக பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்க்க வேண்டுமென்றால் விண்ணப்பத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அதற்குப் பிறகு விண்ணப்பம், டோஃபல் பதிவு, ஜிஆர்இ பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்து பிசகாமல் பெயர் கொடுங்கள்.

சான்றிதழ்களில் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் வேண்டும். அரியர் எழுதித் தேறியிருந்தால் அந்தப் பட்டியலையும் சேர்த்துவிடுங்கள், மறைக்காதீர்கள். ஒரு அரியரால் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை. பல்கலைக்கழகத்தில் டிரான்ஸ்கிரிப்ட், அதாவது அவர்களே சான்றளித்துத் தரும் மொத்த மதிப்பெண் பட்டியல், வாங்குவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஏப்ரலில் போய் நின்றால் தேர்வுக் காலக் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். பொங்கல் முடிந்ததும் டிரான்ஸ்கிரிப்டுக்கு விண்ணப்பம் போட்டுவிடுவது நல்லது.

வேலையில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு இணைப்புப் படிவம் ஒன்று உண்டு. அதில், தேர்வானால் உதவித்தொகைக் காலத்துக்கு விடுப்புத் தருவோம் என்று மேலதிகாரி ஒப்புதல் தர வேண்டியிருக்கும். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு இந்தக் கோப்பு மேசை மேசையாக நகரும். எங்கள் நண்பர் ஒருவருக்குக் கையெழுத்து வந்து சேர்ந்தது கடைசி நாளுக்கு மறுநாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை என்றார். இதை முதலில் தொடங்கி வையுங்கள். கட்டுரையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

கட்டுரை

சரி, இப்போது விண்ணப்பத்தின் உயிர்நாடிக்கு வருவோம். எழுத வேண்டியவை முக்கியமாக இரண்டு: உங்களைப் பற்றிய ஒன்று, படிப்பின் நோக்கத்தைப் பற்றிய ஒன்று. இரண்டையும் படிப்பவர் மனத்தில் இருப்பது ஒரே கேள்விதான். இந்த ஆள் போய்விட்டுத் திரும்பி வந்தால் இங்கே என்ன மாறும்?

என் முதல் ஆண்டுக் கட்டுரை இந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லவில்லை. கலாம் ஐயாவின் மேற்கோளோடு தொடங்கி, சிறு வயதிலிருந்தே எனக்கு நகரங்கள் மேல் ஆர்வம் என்று தொடர்ந்து, இந்தியாவில் நகரமயமாதல் வேகமாக நடக்கிறது, அமெரிக்கா இத்துறையில் முன்னோடி, அங்கே கற்றதைத் தாய்நாட்டுக்குப் பயன்படுத்துவேன் என்று முடித்திருந்தேன். ஒரு வரியிலும் பொய் இல்லை. ஆனால் என் பெயரை எடுத்துவிட்டு யார் பெயரை வேண்டுமானாலும் அதில் போடலாம்.

அடுத்த ஆண்டு நான் எழுதியது வேறு. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களில் இரண்டின் வரத்துக்கால்வாய்களை நானும் சக ஊழியர்களும் நடந்தே அளந்தோம். ஆக்கிரமிப்புதான் சிக்கல் என்று நினைத்துப் போனோம். போனால், வருவாய்த் துறையின் புலப்படத்தில் கால்வாய் ஓர் இடத்தில் இருக்கிறது, உள்ளாட்சியின் வரைபடத்தில் அப்படி ஒரு கால்வாயே இல்லை. இல்லாத கால்வாயின் மேல் கட்டட அனுமதி கொடுப்பதை யார் குற்றம் சொல்ல முடியும்? இந்த இரண்டு ஆவணங்களையும் ஒரே வரைபடத்தில் பொருத்திப் பார்க்கிற முறையை நான் அரைகுறையாகத்தான் கற்றிருந்தேன். எங்கே எனக்குத் தெரியாமல் போயிற்று, எந்தப் பாடம் அந்த இடைவெளியை நிரப்பும், திரும்பி வந்து எந்த அலுவலகங்களோடு உட்கார்ந்து இதைச் செய்வேன் என்று எழுதினேன். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது, எனக்கு என்ன தெரியாது என்பதை ஒப்புக்கொண்டதுதான் கட்டுரையைத் தூக்கி நிறுத்தியது. எல்லாம் தெரிந்தவருக்கு எதற்கு உதவித்தொகை?

நம்மிடம் இன்னொரு பழக்கம், நாமே நம்மைப் பற்றிப் பேசக் கூசுவது. "எங்கள் குழு செய்தது", "அலுவலகத்தில் மேற்கொள்ளப்பட்டது" என்றே எழுதுவோம். தேர்வுக் குழுவுக்கு உங்கள் அலுவலகத்தின் சாதனை தேவையில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்த வேலையில் உங்கள் கை எங்கே பட்டது? கூட்டத்தைக் கூட்டியது நீங்களா, கணக்கெழுதியது நீங்களா, பஞ்சாயத்துத் தலைவரிடம் ஏழு தடவை போய் நின்றது நீங்களா? அதைச் சொல்லுங்கள். அதைச் சொல்வது தற்பெருமை ஆகாது.

"திரும்பி வந்து ஒரு தொண்டு நிறுவனம் தொடங்குவேன்" என்று கடைசிப் பத்தியில் எழுதாதவர் குறைவு. உண்மையிலேயே அந்த எண்ணம் இருந்தால், எந்த ஊரில், யாரோடு, எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். இல்லையென்றால், பழைய வேலைக்கே திரும்பி அதை வேறு விதமாகச் செய்வேன் என்பதுகூட நல்ல பதில்தான்.

இணையத்தில் கிடைக்கிற மாதிரிக் கட்டுரைகளிலிருந்து வரிகளை எடுப்பது, செயலியிடம் எழுதச் சொல்லி அப்படியே ஒட்டுவது இரண்டும் வேண்டாம். பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டினால் விண்ணப்பமே தள்ளுபடி என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து நல்ல வழி, முதல் வரைவைத் தமிழில் எழுதுவது. தமிழில் எழுதும்போது வெற்றுச் சொல் உடனே காதில் உறுத்தும். அப்புறம் ஆங்கிலத்தில் புதிதாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை உங்கள் துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, "நான் என்ன வேலை செய்கிறேன், எதற்குப் போகிறேன்?" என்று கேளுங்கள். சொல்லத் தடுமாறினால் இன்னும் ஒரு வரைவு பாக்கி இருக்கிறது.

பரிந்துரைக் கடிதம்

மூன்று கடிதங்கள் வேண்டும். விண்ணப்பத்தில் அவர்களுடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் அவர்களுக்கு ஒரு இணைப்புப் போகும். அதில் அவர்களே நேரடியாக ஏற்ற வேண்டும்.

நம் கல்லூரிகளில் இது எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." என் முதல் விண்ணப்பத்தில் மூன்று கடிதங்களில் இரண்டை நானே எழுதினேன். இரண்டிலும் ஒரே மாதிரியான வாக்கியங்கள், ஒரே மாதிரியான புகழ்ச்சி. கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து பணியாற்றுபவர். வரிசையாக மூன்று கடிதங்களைப் படிக்கிறவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

மறுப்பது கஷ்டம்தான், பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது? நான் கண்ட நடுவழி இது. "ஐயா, கடிதம் உங்கள் வார்த்தையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு நினைவுபடுத்த ஒரு பக்கம் எழுதித் தருகிறேன்" என்று சொல்லிவிட்டு, அவரிடம் படித்த ஆண்டு, செய்த திட்டப்பணி, அவரே பாராட்டிய அல்லது திட்டிய ஒரு சம்பவம், நீங்கள் விண்ணப்பிக்கும் துறை, கடைசி நாள் இவற்றைக் குறிப்பாகக் கொடுங்கள். திட்டிய சம்பவத்தைச் சேர்க்கச் சொல்வது விளையாட்டுக்கு இல்லை. "முதல் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தேன், ஒரே வாரத்தில் திருத்தி வந்தார்" என்ற ஒரு வரிக்கு முன்னால் பத்து பாராட்டுச் சொல் நிற்காது.

யாரைக் கேட்பது? பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் மேல். துணைவேந்தர் கடிதம் கிடைக்கும் என்று அலையாதீர்கள். அவருக்கு உங்களைத் தெரியாது என்பது கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். ஓய்வுபெற்ற பேராசிரியர்கள் சிலருக்கு இணைப்பைத் திறந்து ஏற்றுவது சிரமமாக இருக்கும். நேரில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டிவிட்டு, அவர் தட்டச்சு செய்யும்போது வெளியே திண்ணையில் காத்திருங்கள்.

நேர்காணல்

குழுவாக உட்கார்ந்து கேட்பார்கள். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் வருவார்கள், அதனால் நீங்களும் அதை முந்தின இரவு ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள். இதே படிப்பை இந்தியாவிலேயே படிக்கலாமே, ஏன் அங்கே? இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள். "அங்கே தரம் அதிகம்" என்பது பதிலாகாது. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்பட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நம் உச்சரிப்பு நம் உச்சரிப்பாகவே இருக்கட்டும், நிதானமாகப் பேசினால் போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம்.

தேர்வான பிறகு

மருத்துவப் படிவம், புறப்படுமுன் நடக்கும் வழிகாட்டல் கூட்டம், விசா என்று வரிசையாக வரும். விசா ஜே-1 வகை, அதாவது பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கானது. அதற்கு அடிப்படையான டிஎஸ்-2019 படிவம் திட்டத்தின் வழியாகவே உங்களுக்கு வரும். அரசு உதவித்தொகை என்பதால் விசாக் கட்டணமும், வெளிநாட்டு மாணவர்களைப் பதிவு செய்யும் அமெரிக்க அரசின் செவிஸ் அமைப்புக்கான கட்டணமும் கிடையாது. சென்னையில் அண்ணா சாலை, ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் உள்ள துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்குப் போகும்போது மற்றவர்களைப் பார்த்துப் பதறாதீர்கள்.

ஒன்றை மட்டும், உதவித்தொகையை ஏற்றுக் கையெழுத்துப் போடும் முன், வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். படிப்பு முடிந்ததும் இந்தியா திரும்பி, மொத்தம் இரண்டு ஆண்டு இங்கே இருந்தால்தான் பிறகு ஹெச்-1பி போன்ற வேலை விசாவுக்கோ கிரீன் கார்டுக்கோ போக முடியும். சுற்றுலாவுக்குப் போகலாம், மறுபடி மாணவராகப் போகலாம். வேலைக்குப் போக முடியாது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, பெண் என்று வரன் பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்னால் தவித்திருக்கிறார்கள். இரண்டு ஆண்டையும் ஒரே மூச்சில் கழிக்க வேண்டும் என்றில்லை, கூட்டிக் கணக்குப் பார்ப்பார்கள். எனவே டிஎஸ்-2019 படிவங்களையும் குடியேற்ற முத்திரை விழுந்த பழைய பாஸ்போர்ட்டையும் ஒரு கோப்பில் போட்டு, பீரோவில் பத்திரமாக வையுங்கள்.